அறுபது பேரும் பதில் சொல்லும் வகுப்பு

கேள்வி: வேலூருக்கு அருகே ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். முதலாண்டு பி.காம். மாணவர்கள் 60 பேருக்கு வணிகப் பொருளியல் எடுக்கிறேன். குடியாத்தம், ஒடுகத்தூர், அணைக்கட்டு, ஆரணி என்று நாலா பக்கமிருந்தும் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள். பெரும்பாலோர் பள்ளியில் தமிழ் வழி. இங்கே ஆங்கில வழி. பாடம் நடத்திவிட்டு "புரியுதா?" என்று கேட்டால், "புரியுது மேடம்" என்கிறார்கள். இன்டர்னல் பேப்பரைத் திருத்தினால் பாதிப்பேர் ஒன்றும் எழுதவில்லை. விட்டதைப் பிடிக்க வாரத்தில் மூன்று மாலை ஒரு மணி நேரம் ஆன்லைன் வகுப்பும் வைக்கிறேன். எல்லாக் கேமராவும் அணைந்து கிடக்கிறது. கேள்வி கேட்டால் சத்தமே இல்லை. போர்ஷனையும் முடித்தாக வேண்டும். நான் எங்கே தவறுகிறேன்?
— வாசகி, வேலூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

"புரியுது மேடம்" என்று உங்கள் மாணவர்கள் பொய் சொல்லவில்லை. நன்றாகச் சொல்லித்தரும் ஒருவர் பேசும்போது எல்லாமே புரிகிற மாதிரிதான் இருக்கும். அதைத் தானே எழுத முடியுமா என்பது பேனாவை எடுத்த பிறகுதான் தெரிகிறது. உங்கள் வகுப்பில் அந்தப் பேனா முதன்முதலாகக் கையில் ஏறுவதே இன்டர்னல் அன்றைக்குத்தான். போதாததற்கு, "புரியுதா?" என்ற கேள்விக்கு மரியாதையான பதில் ஒன்றுதான் உண்டு. அதைத்தான் தருகிறார்கள்.

நாளையிலிருந்து அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, 60 பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பதிலைத் தெரிவித்தே ஆக வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள தலையாட்டல், வெற்றுப் பேப்பர், அணைந்த கேமரா மூன்றுக்கும் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பொதுவாகக் கேட்கும் கேள்விக்கு முன் பெஞ்சில் மூன்று பேர் பதில் சொல்வார்கள், மற்ற 57 பேரும் ஓய்வெடுப்பார்கள். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், சும்மா இருந்தால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டுத்தான் சும்மா இருக்கிறார்கள். அந்தக் கணக்கை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

முதல் வேலை, கேள்வியைச் செய்வது. "தேவை விதி என்றால் என்ன?" என்று கேட்டால், 'விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும்' என்று மனப்பாடம்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒரு பூக்கடையில் சாதாரண நாளில் சாமந்தி கிலோ 80 ரூபாய், 50 கிலோ விற்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கிலோ 140 ரூபாய், 90 கிலோ விற்கிறது. என்ன நடந்திருக்கிறது?

1. தேவை விதி இங்கே பொய்த்துவிட்டது.
2. தேவைக் கோடே (எந்த விலையில் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது.
3. அதே தேவைக் கோட்டில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போயிருக்கிறோம்.
4. பூ வரத்து குறைந்து, அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது.

சரியான விடை 2: முகூர்த்தம் என்பதால் எந்த விலையிலும் முன்பைவிட அதிகம் வாங்குகிறார்கள். மற்ற மூன்றும் ஒப்புக்குப் போட்டவையல்ல. ஒன்றைத் தேர்ந்தவர் 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்ற நிபந்தனையை விட்டுவிட்டார். மூன்றைத் தேர்ந்தவர் கோட்டின் மேல் நகர்வதையும் கோடே நகர்வதையும் குழப்பிக்கொள்கிறார். அதே கோட்டில் விலை ஏறினால் அளவு குறைய வேண்டும் என்று அவருக்கு இன்னும் கண்ணில் படவில்லை. நாலைத் தேர்ந்தவர் விலையை மட்டும் பார்த்தார்; வரத்து குறைந்தால் விலை ஏறும், ஆனால் விற்பனை 90 கிலோவாகக் கூடாது. ஆக, ஒவ்வொரு தப்பான விடையும் எந்த இடத்தில் சறுக்கினார்கள் என்று உங்களுக்குக் காட்டுகிறது. இத்தகைய விடைகளைத் தேடி வெளியே போக வேண்டாம், நீங்கள் திருத்திய இன்டர்னல் கட்டிலேயே கிடைக்கும். ஒரே தவறு ஐந்தாறு பேப்பரில் வந்திருந்தால் அது உங்களுடைய அடுத்த கேள்வியின் ஒரு விடை. இந்த வேலைக்கு ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் ஆகும். செலவழியுங்கள், அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

வகுப்பில் நடத்தும் முறை இது. கேள்வியைப் பலகையில் எழுதி, ஒரு நிமிடம் யாரும் பேசாமல் நோட்டில் விடை எண்ணை எழுதச் சொல்லுங்கள். பிறகு "காட்டுங்கள்" என்றதும் எல்லோரும் ஒரே சமயத்தில் அந்த எண்ணுக்குரிய விரல்களை நெஞ்சுக்கு அருகே வைத்துக் காட்ட வேண்டும். கையை உயரத் தூக்கினால் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைப் பார்த்து மாற்றிக்கொள்வார். நோட்டில் முதலிலேயே எழுதச் சொல்வதும் அதற்காகத்தான். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பெண் எத்தனை விரல் காட்டுகிறாள் என்று பார்த்துக் காட்டுவதுதான் இந்த முறையில் முதலில் வரும் கோளாறு.

எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள், ஒரு பார்வையில் மதிப்பிட்டால் போதும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1991இலிருந்து வளர்த்த முறை இது, அவர் வைத்த எல்லை 30க்கும் 70க்கும் நடுவில். சரியான விடை 70 சதவீதத்துக்கு மேல் வந்தால் ஒரு நிமிடம் விளக்கிவிட்டு மேலே போங்கள். 30க்குக் கீழே வந்தால் பேசவிட்டுப் பயனில்லை, தெரியாதவர்கள் தெரியாதவர்களிடம்தான் கேட்பார்கள். வேறு உதாரணத்தோடு நீங்களே மறுபடி நடத்துங்கள். நடுவில் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடைக்குக் காரணம் சொல்லச் சொல்லி இரண்டு, மூன்று நிமிடம் கொடுங்கள், பிறகு மறுபடி விரல். நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே சரியான விடை கூடியிருப்பதைப் பார்ப்பீர்கள். நேற்றுத்தான் புரிந்துகொண்ட ஒருவருக்கு, எந்த இடம் இடறும் என்பது நம்மைவிட நன்றாக நினைவிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: முதல் சுற்று முடிந்ததும் "நிறையப் பேர் மூணு சொல்லியிருக்கீங்க" என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். சொன்னால் பேச்சு நின்றுபோகும், கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எல்லோரும் சாய்வார்கள்.

நீள பெஞ்சுகளை நகர்த்த முடியாதே என்ற கவலை வேண்டாம். ஜோடி போதும். நாலு பேர் வேண்டுமானால் 1, 3, 5ஆம் வரிசைகள் திரும்பி உட்கார்ந்தால் ஆயிற்று. சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் எச்.ஓ.டி.யிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நீங்கள் கை தூக்கினால் பார்த்தவர்கள் தாங்களும் கை தூக்கிப் பேச்சை நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே பழக்குங்கள். தொண்டையைக் காப்பாற்றும்.

இப்போது மொழிக்கு வருகிறேன். உங்கள் வகுப்பைப் பொறுத்தவரை இதுவே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை, ஆங்கிலத்தில் கேள்வியைக் கேட்டு, தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்தில் வாக்கியம் கட்ட வேண்டும். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து காட்டினார். மூன்று வினாடி காத்தாலே பதில்கள் நீண்டன, பேசாதவர்கள் பேசினார்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பத்து வினாடி வேண்டும். மனதுக்குள் எண்ணுங்கள், முதல் வாரம் அந்த அமைதி உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

ஜோடிப் பேச்சு தமிழிலேயே நடக்கட்டும். பேரணாம்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் இருவர் உருதுவில் பேசினாலும், காட்பாடிப் பக்கத்தவர்கள் தெலுங்கில் பேசினாலும் தடுக்காதீர்கள். வாதாடுவது எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் நடக்கட்டும். தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள். 'இன்னது நகர்ந்தது, இந்தப் பக்கமாக, இந்தக் காரணத்தால்' என்ற ஒரே வாக்கிய அச்சை ஆங்கிலத்தில் பலகையில் எழுதி, கோடிட்ட இடங்களை அவர்களே நிரப்பி நோட்டில் எழுதட்டும். ஒரு செமஸ்டரில் நாற்பது ஐம்பது வாக்கியங்கள் சேரும். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுத அவர்களுக்கு அதுவே கைமுதல்.

பெயர் சொல்லி எழுப்பிக் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் ஜோடிப் பேச்சு முடிந்த பிறகு. "நீங்க ரெண்டு பேரும் என்ன முடிவுக்கு வந்தீங்க?" என்று கேட்டால் தப்பு ஒருவர் தலையில் விழாது. "தெரியல மேடம்" என்று வந்தால் நிற்க வைக்காதீர்கள். "உட்காருங்க, அடுத்த ரெண்டு பேர் சொல்றதைக் கேளுங்க, யார் சொன்னது சரின்னு உங்ககிட்டதான் கேட்பேன்" என்று சொல்லி, மறக்காமல் திரும்பி வாருங்கள். திரும்பி வராவிட்டால் 'தெரியல' என்பது தப்பிக்கும் வழி என்று வகுப்பே கற்றுக்கொள்ளும்.

பீரியடின் இரு முனைகளிலும் காகிதம் வேண்டும். தொடக்கத்தில் நோட்டை மூடிவைத்து இரண்டு கேள்வி: ஒன்று போன வகுப்பிலிருந்து, ஒன்று மூன்று வாரத்துக்கு முன் நடத்தியதிலிருந்து. நான்கு நிமிடம். மதிப்பெண் வேண்டாம், விடையைச் சொல்லுங்கள், அவர்களே திருத்திக்கொள்ளட்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்து, பரீட்சை ஹாலில் மறந்துபோவதன் காரணம் இதுதான்.

முடிவில் சீட்டு. ஏ4 தாள் 15 எடுத்து நான்காகக் கிழித்தால் 60 சீட்டு. ரோல் நம்பர், இன்று குழப்பமாக இருந்த ஒரு இடம், ஒரு வரி. தமிழில் எழுதலாம். "எதுவும் குழப்பமில்லை" என்று எழுத விடாதீர்கள். அப்படியானால் இன்றைய பாடத்துக்குத் தன் ஊரிலிருந்து ஒரு உதாரணம் எழுதட்டும். ஆம்பூர் ஷூ கம்பெனியும் குடியாத்தம் லுங்கியும் ஆரணிப் பட்டும் பாடத்துக்குள் வருவது அப்படித்தான். 60 சீட்டையும் திருத்த உட்காராதீர்கள். மூன்று குவியலாகப் பிரியுங்கள்: பிடிபட்டது, பாதி, பிடிபடவில்லை. பத்து நிமிட வேலை. மறுநாள் வகுப்பை "நேத்து சீட்டுல 22 பேர் இதைக் கேட்டிருக்கீங்க" என்று தொடங்குங்கள். அப்படித் தொடங்காமல் விட்டால் மூன்றாம் நாளே சீட்டு வெறும் சடங்காகிவிடும்.

போர்ஷன்? நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நோட்ஸ் டிக்டேட் செய்வதை நிறுத்துங்கள். பொருளியல் அறிஞர் மார்ஷல் சொன்ன இலக்கணம், ராபின்ஸ் சொன்ன இலக்கணம், நன்மைகள் ஏழு, குறைபாடுகள் ஆறு என்று 50 நிமிட பீரியடில் 15, 20 நிமிடத்தை அது தின்றுவிடுகிறது. அந்தப் பகுதியை ஒரு பக்க பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், ஜெராக்ஸ் கடையிலும் ஒரு பிரதி வையுங்கள். மிச்சமான நேரம் இரண்டு விரல் கேள்விக்கும் சீட்டுக்கும் தாராளமாகப் போதும். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014இல் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி சுமார் 34 சதவீதம். மாணவர்களை இப்படி வேலை செய்ய வைத்த வகுப்புகளில் சுமார் 22. போர்ஷனை நாம் முடிப்பதற்கும் அது மாணவர் தலையில் முடிவதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது.

ஆன்லைனுக்கு வருவோம். கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஒரே அறை வீடு, அப்பாவின் போன், மாலைக்குள் தீர்ந்துபோன அன்றாட டேட்டா, பின்னால் சமையல் என்று அதற்கு நியாயமான காரணங்கள் நிறைய. உங்களுக்கு வேண்டியது முகம் இல்லை, பதில். வீடியோவை நீங்களும் அணைத்துவிடுங்கள். ஆறேழு பக்க பி.டி.எஃப். ஒன்றை இரண்டு மணி நேரம் முன்பே அனுப்பிவிட்டு, குரலில் மட்டும் "மூணாம் பக்கம் பாருங்க" என்று நடத்துங்கள். டேட்டாச் செலவு பல மடங்கு குறையும், மலையடிவாரத்து சிக்னலிலும் குரல் அறுபடாமல் போய்ச் சேரும்.

விரல் கேள்வியின் ஆன்லைன் வடிவம் சாட் பெட்டி. "விடை எண்ணையும் காரணத்தை நாலு வார்த்தையிலும் டைப் பண்ணுங்க, அனுப்பாதீங்க" என்று ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு "இப்ப அனுப்புங்க". அறுபது பதிலும் மழை கொட்டுவது போல ஒரே நேரத்தில் விழும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத முடியாது. இலவசக் கணக்கிலேயே இது நடக்கும், தனிச் செயலி எதுவும் தேவையில்லை. ஐந்து, ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை இப்படி ஒன்று வர வேண்டும். நேரில் பதினைந்து நிமிடம் பேசலாம், திரையில் அது தாங்காது.

சிறு குழு அறைகளில் பிரித்துவிட்டால் பேசுவார்கள் என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளே போய் எட்டு பேரும் மௌனமாக இருப்பார்கள். என்ன செய்து முடிக்க வேண்டும், யார் பொறுப்பு என்பது சொல்லப்படாததுதான் காரணம். மூன்று, நான்கு பேர், ஐந்து நிமிடம், திரும்பி வரும்போது ஒரே ஒரு வரி. எழுதுவது அந்தக் குழுவில் ரோல் நம்பர் சிறியவர். இவ்வளவும் சொன்ன பிறகே அனுப்புங்கள். பெண் பிள்ளைகளின் குழுவை அவர்களே அமைத்துக்கொள்ளட்டும். போன் நம்பரைப் பகிரச் சொல்லி எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

வாரம் மூன்று மணி நேரம் ஆன்லைன் என்பதைக் குறைக்கலாம் என்பது என் அழுத்தமான கருத்து. பகலில் கேட்ட விரிவுரையை மாலையில் மறுபடி கேட்பதால் பயன் இல்லை. ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், அந்த அளவே நல்ல அளவு. வாரம் ஒரு முறை, 35 நிமிடம், அந்த வாரச் சீட்டுகளில் அதிகம் வந்த இரண்டு குழப்பங்கள் மட்டும். எந்த நேரம் என்பதையும் ஒரு சீட்டில் கேட்டுவிடுங்கள். ஒடுகத்தூர் பஸ் எத்தனை மணிக்கு ஊர் போய்ச் சேர்கிறது, யார் யார் மாலையில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மீதியைப் பதிவு செய்த சிறு வீடியோவாகக் கொடுங்கள். பிலிப் குவோ குழுவினர் 2014இல் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப்பேர் ஆறு நிமிடத்துக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை. எனவே ஒரு வீடியோ, ஒரு கருத்து, ஆறு நிமிடம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, இயர்போன் மைக்கில் பேசி, போனைக் கீழ்நோக்கி நிறுத்தி வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டே பதிவு செய்தால் போதும். முடிவில் ஒரு கேள்வி. விடையை மறுநாள் வகுப்பின் முதல் நான்கு நிமிடத்தில் கேளுங்கள். அது இல்லாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

நேரில் பாதி, போனில் பாதி என்று ஒரே நேரத்தில் நடத்த யாராவது சொன்னால் முடிந்தவரை மறுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கெடும்.

முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு வரும்: "மேடம் நடத்தவே மாட்டேங்கறாங்க, எங்களையே பேசச் சொல்றாங்க." ஹார்வர்டில் 2019இல் வெளியான ஆய்விலும் அப்படித்தான். தாங்களே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். மூளை சிரமப்பட்டதைப் புரியாததாக எடுத்துக்கொள்கிறார்கள். இதை முதல் நாளே அவர்களிடம் தமிழில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒரு பக்க நோட்ஸ் கட்டாயம் வரும் என்று உறுதியும் கொடுங்கள். பாதி எதிர்ப்பு நோட்ஸ் பயத்தால்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் வாரம் சீட்டு மட்டும். இரண்டாம் வாரம் பீரியடுக்கு ஒரு விரல் கேள்வி, தனியாக. மூன்றாம் வாரம் ஜோடிப் பேச்சும் தொடக்கக் கேள்விகளும். வகுப்பறையில் பழகிய பிறகு சாட் பெட்டிக்குப் போங்கள், நேரில் வாய் திறக்காதவர்கள் திரையில் எழுத மாட்டார்கள்.

ஆன்லைன் வகுப்பு முடிந்ததும் சாட்டை மேலே தள்ளிப் பார்த்து, ஒன்றுமே அனுப்பாத ரோல் நம்பர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் குழுவில் பெயர் போடாமல், வராந்தாவில் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் ரீசார்ஜ் முடிந்திருக்கும், அல்லது போன் அண்ணனோடு வேலைக்குப் போயிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அதே கேள்விகளை ஒரு தாளில் எழுதி, நோட்ஸோடு சேர்த்து ஜெராக்ஸ் கடையில் வையுங்கள்.